நிறம் மாறினால் நீதி ஆகுமா?

குற்றம் நிகழ்ந்த இடத்திற்கே அறிவியல் செல்ல வேண்டும் என்பது இன்று சட்டத்தின் கட்டளையாகிவிட்டது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் சென்று சான்று திரட்ட வேண்டும் என்கின்றது. இதனைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை காலமும் தந்துள்ளது. எனவே கையடக்கமான விரைவுச் சோதனைப் பட்டைகளின் பயன்பாடு இனிப் பெருகுமேயன்றிக் குறையாது. இவற்றை நாம் வரவேற்கின்றோம். இவற்றின் எல்லையை உணர்த்துவதும் நம் கடமை எனக் கருதுகின்றோம்.

குருதிச் சோதனைப் பட்டையையே எடுத்துக்கொள்வோம். கறையைக் கரைசலில் ஊறவைத்துச் சில துளிகளைப் பட்டையில் இட்டால், மனித ஹீமோகுளோபின் இருப்பின் சில நிமிடங்களில் வண்ணக்கோடு தோன்றும். கருவுற்றதை அறிய வீடுகளில் பயன்படும் பட்டையும் இதே தத்துவத்தில் அமைந்ததே. பட்டை சரிவர இயங்கியதைக் காட்டும் மற்றொரு கோடும் அதில் உண்டு. அது தோன்றாவிடின் அச்சோதனை செல்லாது. மிகைச் செறிவான குருதியில் சோதனைக்கோடு மங்கிப்போதலும் உண்டு. அக்குருதி யாருடையது, எவ்வாறு அங்கு வந்தது என்னும் வினாக்களுக்கோ பட்டையிடம் விடையே இல்லை.

போதைப்பொருள் சோதனையில் இடர் இன்னும் பெரிது. கொக்கெயினைக் கண்டறியப் பயன்படும் கோபால்ட் தயோசயனேட் நீலநிறம் காட்டும். குற்றமற்ற வேறு பல பொருள்களுக்கும் அதே நீலத்தைக் காட்டும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் மாவட்டத்தில், களச்சோதனையை நம்பிக் கைது செய்யப்பட்டோர் பலர், நீண்ட சிறைவாசத்திற்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பின்னர் ஆய்வகம் ஆராய்ந்தபோது போதைப்பொருளே இல்லை எனத் தெரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர்மீதான தீர்ப்புகள் நீக்கப்பட்டன. தீர்ப்பை நீக்கலாம், இழந்த வேலையையும் வீட்டையும் நற்பெயரையும் யார் மீட்டுத் தருவார்?

இது எங்கோ நிகழ்ந்தது என நாம் வாளாவிருத்தல் தகாது. நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வணிக அளவிலான வழக்குகளில் பிணை பெறுவதை மிகக் கடினமாக்கியுள்ளது. அந்நிலையில் ஆய்வக அறிக்கை தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் குற்றமற்றவன் சிறையில் கழிக்கும் நாளாகலாம்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. சிலப்பதிகாரத்தில் சிலம்பைச் சோதித்தறியும் வழி இருந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்பது கணப்பொழுதில் விளங்கியிருக்கும். அச்சோதனை நடந்தது கோவலன் கொலையுண்ட பின்னரே. மதுரையில் இல்லாதிருந்தது கருவியன்று. தீர்ப்புக்கு முன் ஆராயும் பொறுமையே.

ஆகவே நாம் வேண்டுவன சில. சோதனைப் பட்டையின் முடிவு விசாரணைக்குத் திசைகாட்டியாக இருக்கட்டும், தீர்ப்பாக வேண்டா. மாதிரியின் ஒரு பகுதி ஆய்வகத்திற்கென முத்திரையிட்டுக் காக்கப்படட்டும். பட்டையின் காலாவதி நாளும் சோதித்த நேரமும் நிழற்படத்தோடு பதிவாகட்டும். ஆய்வக அறிக்கைக்குக் கால வரம்பு விதிக்கப்படட்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் படித்துணரும் வண்ணம் அவ்வறிக்கை தமிழிலும் அமையட்டும். அதற்கேற்ற கலைச்சொற்களை ஆக்கித் தருவது வேதியியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடிச் செய்யத்தக்க பணியாகும்.

விரைவு நன்று. ஆயினும் ஒருவரது வாழ்வை முடிவு செய்யுமிடத்து, விரைவினும் தெளிவே நன்று.