காதடைப்பும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு இந்தப் பக்கத்திலேயே பதில் எழுதத் தோன்றுகிறது. எழுதியவர் ஒரு வாசகி. காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. உள்ளே ஓயாத இரைச்சல், போனை வைத்தால் அந்தக் காதில் ஒன்றும் விழவில்லை. சளிதான் என்று சில நாள் விட்டுவிட்டார். பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, நரம்பு சார்ந்த திடீர்க் காது கேளாமை என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியிருக்கிறார். கடிதத்தோடு ரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகல். நியூட்ரோபில் 78, லிம்போசைட் 13. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 6. இந்த விகிதம் கூடுதலாக இருந்தால் கேட்கும் திறன் திரும்பாது என்று எங்கோ படித்துவிட்டு, "என் காது அவ்வளவுதானா?" என்று கேட்கிறார்.

இல்லை அம்மா. அந்த எண் உங்கள் காதைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை.

நியூட்ரோபிலும் லிம்போசைட்டும் வெள்ளணுக்களின் இரு வகைகள். உடலில் அழற்சி இருந்தால் முதலாவது கூடும். உடல் நெருக்கடியில் இருந்தால் இரண்டாவது குறையும். துருக்கி, கொரியா, சீனா போன்ற நாடுகளின் மருத்துவர்கள் திடீரெனக் காது கேளாமல் போனவர்களின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். குணமாகாதவர்களிடம் இந்த விகிதம் சராசரியாகக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ரத்தம் உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பற்றியும் இப்படிப்பட்ட ஆய்வுகள் உண்டு. ஆராய்ச்சியாக இவை மதிப்புள்ளவைதான். உட்காதுக்கு ரத்தம் கொண்டு போவது ஒரே ஒரு மெல்லிய தமனி. கடைமடை வயலுக்கு ஒரே வாய்க்கால் மாதிரி, அது தடைபட்டால் மாற்று வழி கிடையாது. ரத்தத்தில் துப்புத் தேடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் சராசரி என்பது ஒரு கூட்டத்தின் கணக்கு. குணமானவர்களிலும் விகிதம் உயர்ந்தவர்கள் உண்டு, குணமாகாதவர்களிலும் தாழ்ந்தவர்கள் உண்டு. காய்ச்சல், புகைப்பழக்கம், சர்க்கரை நோய் எல்லாமே இந்த எண்ணை அசைக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே போனதுமே நியூட்ரோபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். நம் வாசகியின் சீட்டில் உள்ள தேதி, மருந்து தொடங்கியதற்குப் பிந்தையது! அந்த 6, காதின் நிலையைவிட மாத்திரையின் வேலையைக் காட்டுவதாகவே இருக்கலாம்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2019-ல் புதுப்பித்த வழிகாட்டுதல், இந்த நோய்க்கு வழக்கமான ரத்தப் பரிசோதனைகளே வேண்டாம் என்கிறது. பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. வைரஸ், ரத்த ஓட்டத் தடை என்று ஊகங்கள்தான் உண்டு. ஆனாலும் நம் ஊரில் எழுதிக்கொடுக்கும் பரிசோதனைகளில் சர்க்கரை அளவை மட்டும் தவறவிடாதீர்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை வேகமாக ஏற்றும். சர்க்கரை நோயாளிகளுக்குச் செவிப்பறை வழியாகக் காதுக்குள்ளேயே ஊசி போடும் முறையும் இருக்கிறது, கேளுங்கள்.

அப்படியானால் முன்கூட்டியே எதை வைத்துக் கணிக்கிறார்கள்? முதல் ஆடியோகிராம். எவ்வளவு டெசிபல் போயிருக்கிறது, எந்தச் சுருதிகளில் போயிருக்கிறது என்பதை அது காட்டும். அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ, 72 மணி நேரத்துக்குள் குறைந்திருந்தால் இந்த நோய் என்று கொள்கிறார்கள். கீழ்ச் சுருதிகளில் மட்டும் குறைந்திருந்தால் மீளும் வாய்ப்பு அதிகம். இழப்பு மிகக் கடுமையாக இருந்தாலோ, தலைசுற்றல் சேர்ந்திருந்தாலோ, வயது கூடியிருந்தாலோ வாய்ப்புக் குறைகிறது.

இவை எதுவும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது நாட்கள். ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில நாட்களென்றால் இன்னும் நல்லது. நம் வீடுகளில் காதடைப்பு என்றால் குறும்பி என்பார்கள், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுவார்கள், ஒரு வாரம் பார்க்கலாம் என்பார்கள். அந்த ஒரு வாரம் இங்கே மிகப் பெரிய விலை. ஒரே ஒரு காது திடீரென்று மந்தமானால் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். ஒலி நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் நரம்புக் கோளாறாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் குறும்பியோ சளியோ காரணமாக இருக்கலாம். அப்போதும் மருத்துவர் பார்ப்பதே நல்லது.

2024 ஜூனில் இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்திலிருந்து இறங்கி நடந்தபோது இதே போலத் திடீரெனக் காது கேட்காமல் போனதைத் தாமே வெளியே சொன்னார். குரலால் வாழ்கிறவர், காதைப் பற்றி வெளிப்படையாகப் பேச முன்வந்தார். அந்தத் துணிவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வாசகி இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார்: "இன்னும் அதிக அளவில் மருந்து கொடுத்திருக்க வேண்டுமோ?" அதே 2024-ல் ஜெர்மனியின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. மிக அதிக அளவு ஸ்டீராய்டு வழக்கமான அளவைவிடக் கூடுதல் பலன் தரவில்லை, பக்க விளைவுகள்தான் கூடின. ஆகவே அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். சிகிச்சை இல்லாமலேயே மூன்றில் ஒரு பங்கினர் முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரை ஓரளவாவது மீள்வதாகப் பழைய ஆய்வுகள் சொல்கின்றன. முதல் மருந்தில் பலன் இல்லையென்றால், ஆறு வாரத்துக்குள் காதுக்குள் ஊசி போட்டுப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. இரண்டு காதையும் ஒப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா என்று கேளுங்கள், அரிதாகக் கேட்பு நரம்பில் சிறு கட்டி இருக்கலாம். மருந்து முடிந்ததும் ஒரு ஆடியோகிராம், ஆறு மாதத்துக்குள் மறுபடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களை அனுப்பிவையுங்கள், ரத்தச் சீட்டைவிட அவற்றைத்தான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்