நம் கெட்ட நாயகர்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை

இசை வெளியீட்டு விழாக்களில் இப்போது தவறாமல் ஒரு பேச்சு அடிபடுகிறது. இந்தப் படத்தில் நாயகனும் கிடையாது, வில்லனும் கிடையாது, எல்லாருமே கிரே ஷேட்தான் என்பார்கள். அரங்கம் கைதட்டும். நல்லவர்களின் கதை சலித்துவிட்டது, கெட்டவனை நடுவில் நிறுத்துவதுதான் யதார்த்தம், துணிச்சலும் அதுதான் என்று விமர்சகர் முதல் டீக்கடைக்காரர் வரை முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை.

திரையில் ரவுடியைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று ஒப்பாரி வைக்கும் கட்சியில் நான் இல்லை. என் புகார் அதற்கு நேர் எதிரானது. இந்த நாயகர்கள் போதுமான அளவு கெட்டவர்களாக இல்லை என்பதுதான் என் குறை.

வழக்கமான ஒரு கெட்ட நாயகனை எடுத்துக்கொள்ளுங்கள். கடத்துவான், குடிப்பான், வெட்டுவான். ஆனால் அவன் வெட்டுவது யாரை? பிள்ளைகளைக் கடத்தி விற்பவனை, பெண்களைச் சீரழிப்பவனை. இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃப்ளாஷ்பேக் வரும். அதில் அவனுடைய அம்மாவோ தங்கையோ துடிதுடித்துச் சாவார்கள். அவனைப் பிடிக்க வரும் போலீஸ்காரர் அவனைவிட அயோக்கியராக இருப்பார். அவன் செய்யப்போகும் ஒவ்வொரு கொலைக்கும் கதாசிரியர் முன்ஜாமீன் வாங்கி வைத்திருக்கிறார். இதையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது தாடி, சுருட்டு, ஸ்லோமோஷன் நடை, காதைக் கிழிக்கும் பின்னணி இசை. ஐம்பது வருடமாகப் பார்த்த அதே நல்லவர்தான். சட்டையின் நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

துணிச்சலைப் பார்க்க வேண்டுமானால் 1954க்குப் போக வேண்டும். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அந்தப் படத்தால் புகழின் உச்சிக்குப் போன சிவாஜி கணேசனை ‘அந்த நாள்’ படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுச் சாகடித்தார் எஸ். பாலசந்தர். அதற்குப் பிறகு அவர் மற்றவர்களின் நினைவுகளில்தான் வருகிறார். ராஜன் என்ற அந்த ரேடியோ இன்ஜினீயர் கெட்டிக்காரன். தன் திறமையை இந்த நாடு மதிக்கவில்லை என்று குமுறுபவன். போர்க்காலத்தில் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிறான். வீட்டில் மனைவி இருக்க, வெளியே இன்னொருத்தியோடு உறவு. அவனுடைய குமுறலில் நியாயம் இருப்பதைப் படம் மறைக்கவில்லை. ஆனால் அந்த நியாயத்தைச் சாக்காக வைத்து அவனை விடுவிக்கவும் இல்லை. துப்பாக்கியை அவன் மனைவியின் கையில்தான் கொடுக்கிறது. பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்றுதான் இன்றுவரை அதைப் புகழ்கிறார்கள். பாட்டை விட்டது அதில் சின்னத் துணிச்சல்தான்.

அதே ஆண்டில் வந்தது ‘ரத்தக்கண்ணீர்’. எம். ஆர். ராதாவின் மோகனசுந்தரம் வாயைத் திறந்தால் கொட்டகை சிரித்தது. அந்தக் குரல் இன்றும் மீம்களில் பிழைத்துக்கிடக்கிறது. ஆனாலும் அந்தக் கைதட்டலைக் காட்டி, கதையை எழுதிய திருவாரூர் தங்கராசு அவனுக்கு மன்னிப்பு வாங்கித் தரவில்லை. மனைவி சந்திரா பட்ட அவமானம் கதையை விட்டுப் போவதில்லை. அவளுக்கு மறுமணம் செய்துவைத்த பிறகுதான் கதை முடிகிறது. (தொழுநோயைப் பாவத்தின் கூலி போலக் காட்டியதை இன்று யாரும் ஏற்க முடியாது. அது வேறு வழக்கு.) கெட்டவனை ரசிக்க வைப்பதற்கு அவனை நியாயப்படுத்த வேண்டியதில்லை என்பதை ராதா அன்றே காட்டிவிட்டார்.

குறையுள்ள நாயகன் ஓடிடியில் வந்திறங்கிய புதுச்சரக்கு என்பவர்களுக்குச் சிலப்பதிகாரத்துக் கோவலனை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மனைவி கண்ணகியை விட்டு மாதவியிடம் போனவன், செய்யாத களவுக்காக வெட்டுப்பட்டுச் சாகிறான். இந்தக் காலத்து ஆள் எழுதியிருந்தால் அந்த அநியாயச் சாவைக் கொண்டே அவனுடைய பழைய தவறுகளையெல்லாம் கழுவி, பழியை மாதவி தலையில் கட்டியிருப்பார். இளங்கோ அதைச் செய்யவில்லை. மாதவிக்கும் ஒரு மனம் கொடுத்தார். காப்பியத்தின் பெயரைக் கண்ணகியின் சிலம்புக்குக் கொடுத்தார்.

ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வந்த நாவல். அதன் கந்தன் பெண்களை வைத்துப் பிழைக்கிறவன், மனைவி மீனா உட்பட. அவனுடைய ஒரு நாள்தான் கதை. நாகராஜன் அவனுக்காக வக்காலத்து வாங்குவதுமில்லை, அவனைத் திட்டுவதுமில்லை. நமக்கு அவனைப் பிடித்துப்போகிறது, பிடித்துப்போவது உறுத்தவும் செய்கிறது. பின்னணி இசை போட்டு இந்த உறுத்தலை வரவழைக்க முடியாது.

‘நாயகன்’ (1987) தாராளமாகவே நியாயம் கற்பித்த படம்தான். வேலு நாயக்கருக்கு ஏழைகளின் வாழ்த்து, கொல்லப்பட்ட தகப்பன், கொடிய போலீஸ் என்று எல்லாம் உண்டு. ஆனாலும் அவர் கொன்ற போலீஸ்காரருக்கு ஒரு மனைவியும் மனவளர்ச்சி குன்றிய மகனும் இருந்ததை மணிரத்னம் மறக்கவில்லை. நீதிமன்றம் விடுவித்தவரை அந்த மகன் சுடுகிறான். வீட்டுக்குள்ளேயே மகள் அவரைக் கேள்வி கேட்டுவிட்டு வெளியேறுகிறாள். பின்னால் வந்தவர்கள் வேலுவின் வேட்டியையும் இருமலையும் எடுத்துக்கொண்டார்கள். மகளை விட்டுவிட்டார்கள். 2011இல் ‘மங்காத்தா’வின் விநாயக், தன்னை நம்பிய பெண்ணின் தகப்பனைக் காரிலிருந்து பிடித்துத் தள்ளுகிறான். தியேட்டர் விசில் அடித்தது. அந்தப் பெண்ணிடம் படம் அதிக நேரம் நிற்கவில்லை. யதார்த்தம் என்று அந்தப் படம் பீற்றிக்கொள்ளவில்லை, அதனால் அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

இது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) தொடரில் போதைப்பொருள் காய்ச்சும் வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட் எப்படி அழுகிப்போகிறார் என்பதை எழுதியவர்கள் ஒளிக்கவே இல்லை. குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிவந்தவர், கடைசியில் தனக்காகவே செய்ததாக மனைவியிடம் ஒப்புக்கொள்கிறார். அப்படியிருந்தும் ரசிகர்களில் ஒரு பெருங்கூட்டம் அவரை விட்டுவிட்டு, அவரைத் தட்டிக்கேட்ட மனைவி ஸ்கைலரை வெறுத்தது. அந்த வெறுப்பு அவராக நடித்த அன்னா கன் மீதே பாய்ந்தது. 2013இல் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி அவர் கட்டுரையே எழுத வேண்டியதாயிற்று. எழுத்து ஒழுங்காக இருந்தும் இந்த நிலை என்றால், ஒழுங்கில்லாத எழுத்து என்ன செய்யும்?

சாமானியனுக்குச் சட்டம் கைகொடுக்கவில்லை, அதனால்தான் சட்டத்தை மீறுகிறவனை அவனுக்குப் பிடிக்கிறது என்பார்கள். உண்மைதான். தாலுகா ஆபீசில் பட்டாவுக்கு நடையாய் நடந்தவருக்கு, அதிகாரியை மேஜைமேல் தூக்கிப் போடுகிறவனைப் பார்த்தால் நெஞ்சு குளிரும். அது நியாயமான ஆசை. ஆசையை ஆசை என்றே சொல்லி விற்கட்டும், நானும் டிக்கெட் வாங்குகிறேன். அதற்கு யதார்த்தம் என்றும் மனித மனத்தின் இருட்டு என்றும் பட்டம் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். இருட்டுக்குள் போகிறவன் அங்கே யாரையாவது மிதித்துக்கொண்டுதான் போகிறான். மிதிபட்டவரைக் காட்டாத கதையில் இருட்டு எங்கே இருக்கிறது?

அடுத்த முறை ஒரு படத்தையோ தொடரையோ கிரே ஷேட் என்று யாராவது உங்களிடம் புகழ்ந்தால் ஒன்று செய்யுங்கள். நாயகனால் அடிபட்ட, கெடுதல் எதுவும் செய்யாத ஒருவராவது அதில் இருக்கிறாரா, அவருக்குப் பேச எத்தனை வசனம் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால், துணிச்சல் என்ற பேச்சை நம்பாதீர்கள்.