கண்டுபிடித்தவருக்குக் கூலி இல்லையா?

காரின் பின்பெட்டியில் பூட்டியிருக்கும் சப்வூபர், அதாவது தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் பெரிய ஸ்பீக்கர், ஒருநாள் மௌனமாகிவிட்டால் கொழும்பில் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "இது முடிந்துவிட்டது, புதிது போடுங்கள்." எதையும் சோதிக்காமலேயே அந்தத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது.

வெள்ளவத்தையில் வசிக்கும் என் உறவினர் ஒருவருக்கும் அண்மையில் இதுவே நேர்ந்தது. சப்வூபரையும் அதனை இயக்கும் அம்ப்ளிபயரையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்று ஒரு கடையில் கூறிவிட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன்னர் அவர் கொட்டாஞ்சேனையில் வாகன மின்வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனார். அம்முதியவர் செய்தவை எவருக்கும் விளங்கக்கூடியவை என்பதால் அவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் அம்ப்ளிபயரின் விளக்கைப் பார்த்தார். அது எரியவில்லை. அம்ப்ளிபயரே உயிர்பெறாதபோது சப்வூபரைக் குறைகூறுவது எப்படி? அம்ப்ளிபயர் இயங்குவதற்கு மூன்று வயர்கள் வேண்டும். ஒன்று பற்றரியிலிருந்து நேரே வருவது. இரண்டாவது, றேடியோவைப் போட்டதும் அம்ப்ளிபயரை இயக்கிவிடும் மெல்லிய வயர். மூன்றாவது, காரின் உடலோடு பூட்டப்படும் ஏர்த் வயர். மல்ரிமீற்றரின் ஒரு முனையைக் காரின் உடலில் வைத்து அளந்தபோது முதலிரண்டு வயர்களிலும் 12 வோல்ற் இருந்தது. ஆகவே பியூஸும் நலம் என்றாயிற்று. அதே முனையை அம்ப்ளிபயரின் ஏர்த் இணைப்பில் வைத்தபோது மீற்றர் எதையும் காட்டவில்லை. கடற்காற்றின் உப்பில் ஏர்த் போல்ற் துருவேறிக் கிடந்தது. துருவைச் சுரண்டி இறுக்கிப் பூட்டியதும் சப்வூபர் முழங்கியது.

சப்வூபர் மீதே ஐயம் எழுந்தாலும் வழி உண்டு. வயர்களைக் கழற்றிவிட்டு அதன் சுருளின் தடையை அளக்கவேண்டும். 4 ஓம் என்று குறிக்கப்பட்ட சுருள் 3க்கும் 4க்கும் இடைப்பட்ட அளவைக் காட்டினால் அது அறுந்துபோகவில்லை. மீற்றர் முடிவிலியைக் காட்டினால் அறுந்துவிட்டது. பூச்சியத்தை நெருங்கினால் உள்ளே சோர்ட் ஆகியிருக்கிறது. இரட்டைச் சுருள் உள்ளவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கவேண்டும். கூம்பை இரு கைகளாலும் சமமாக மெல்ல அழுத்தும்போது உராயும் ஓசை கேட்டால் சுருள் கருகியிருக்கக்கூடும். இத்தனைக்கும் பத்து நிமிடங்கள் போதும்.

இனி என் மனத்தை உறுத்திய விடயத்துக்கு வருகிறேன். கடையில் புதிய சாமான்களுக்கு முழுப்பணமும் கொடுக்க ஆயத்தமாக இருந்த என் உறவினர், முதியவர் கேட்ட சிறு தொகைக்கு முணுமுணுத்தார். "ஒரு போல்றை இறுக்கியதற்கு இவ்வளவா?" என்றார்.

நோய் இங்கேதான் இருக்கிறது. பொருளுக்குப் பணம் கொடுக்கும் நாம், அறிவுக்குக் கொடுக்க மறுக்கிறோம். பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு ஊதியம் இல்லை, பொருளை விற்பவருக்கு இலாபம் உண்டு என்றால் கடைக்காரர் ஏன் மீற்றரைக் கையில் எடுக்கப்போகிறார்? அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் வாசகர்கள் பழுதை அறிவதற்கென்றே கராஜ்களில் தனிக் கட்டணம் செலுத்தியிருப்பார்கள். அது இங்கும் வழக்கமாக வேண்டும்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நமது பழைய கார்களை ஓடவைத்தவர்களில் இத்தகைய கைவினைஞர்களும் அடங்குவர். அவர்களிடம் தொழில் பழக இளைஞர்கள் வரவேண்டுமாயின் அத்தொழில் சோறு போடவேண்டும்.

அடுத்த முறை "மாற்றவேண்டும்" என்று யாராவது சொன்னால், எதை அளந்தீர்கள், மீற்றர் என்ன காட்டியது என்று கேளுங்கள். சரியான பதில் கிடைத்தால், எந்தப் பொருளையும் வாங்காவிட்டாலும், அந்தப் பதிலுக்குரிய கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.