பொடிப் பொட்டலம் சொல்லும் பாடம்

எம்.டி.ஆர். மசாலாப் பொடிகள் ஒரு நெருக்கடியின் பிள்ளைகள். 1924இல் மையா சகோதரர்கள் பெங்களூரில் தொடங்கிய சிற்றுண்டிச்சாலை, இரண்டாம் உலகப்போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவா இட்லியை உருவாக்கியது. 1975இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின் உணவக விலைகளை அரசு குறைத்தது. தரத்தைக் குறைக்க மனமின்றி உரிமையாளர்கள் உணவகத்தையே மூடினர். ஆயினும், பணியாளர்களைக் கைவிடாமல் மசாலாப் பொடிகளையும் உடனடிச் சமையல் கலவைகளையும் பொட்டலமிட்டு விற்கலாயினர். அவ்வணிகத்தை 2007இல் நார்வே நாட்டின் ஓர்க்லா நிறுவனம் வாங்கியது.

மைசூரில் ரசப்பொடி அரைத்து விற்கும் பெண்கள் பலர், அடமானம் வைக்க நிலமில்லையே எனத் தயங்கி வங்கிப்படி ஏறுவதில்லை. அத்தயக்கம் தேவையற்றது. முத்ரா கடனுக்குப் பிணை வேண்டியதில்லை. உணவு பதனிடும் குறுந்தொழில்களுக்கான பிரதமரின் திட்டத்தில், தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரம்புக்குள், மானியமும் உண்டு. நீங்கள் கொண்டுவர வேண்டியவை உணவுப் பாதுகாப்புப் பதிவும் ஒழுங்கான வரவு செலவுக் கணக்கும். அதிகாரிகளாகிய நாங்களும் நிலப்பத்திரத்தைத் தேடுமுன் அந்தக் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மாறாத சுவையும் நாணயமுமே இத்தொழிலின் முதல் சொத்து என்பது என் கருத்து.