காணி இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்காது: பெருவின் அஸ்பரகஸ் வயல்கள் வடக்குக்குச் சொல்வது

வடக்கின் விவசாயம் பற்றிய பேச்சுகளில் 'ஏற்றுமதிப் பயிர்' என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. நெல்லாலும் வெங்காயத்தாலும் மீள முடியாது, வெளிநாட்டுச் சந்தைக்கான உயர்பெறுமதிப் பயிர்களே தீர்வு என்று அதிகாரிகளும் புலம்பெயர் முதலீட்டாளர்களும் சொல்கிறார்கள். இந்த வாதத்தை நான் முற்றாக நிராகரிக்கவில்லை. ஆனால், வறண்ட நிலத்தில் ஏற்றுமதிப் பயிரால் பெரும் செல்வம் ஈட்டிய ஒரு பிரதேசத்தின் கதையை முழுமையாகப் பார்த்த பிறகே இதில் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பிரதேசம் தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள இக்கா பள்ளத்தாக்கு. அந்தப் பயிர் அஸ்பரகஸ்.

அஸ்பரகஸ் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. நமது சித்த மருத்துவம் பயன்படுத்தும் சாத்தாவாரி, அதாவது தண்ணீர்விட்டான் கிழங்கு, அதே இனத்தைச் சேர்ந்தது. மேற்கு நாட்டவர் உண்ணும் அஸ்பரகஸின் இளந்தண்டு நிலத்தை முட்டிக்கொண்டு வெளிவரும்போதே கையால் வெட்டப்படுகிறது. நட்டு இரண்டு, மூன்று வருடங்கள் காத்திருந்தால்தான் முதல் முழு அறுவடை கிடைக்கும். அதன்பின் பத்து வருடங்கள் வரை பலன் தரும். குளிர் நாடுகளில் வசந்த காலத்தில் மட்டுமே வெட்டலாம். பாலைவனத்திலோ தண்ணீரை நிறுத்திச் செடியை உறங்க வைத்து, மீண்டும் பாய்ச்சி எழுப்பி, வருடத்துக்கு இருமுறை வெட்டலாம். உலகச் சந்தையில் மற்றவர்களிடம் இல்லாத மாதங்களில் விற்க முடிந்ததே பெருவின் பலம்.

இக்காவில் வருடம் முழுவதும் பெய்யும் மழை சில மில்லிமீற்றர் மட்டுமே. அங்கு இந்தப் பயிர் பரவியதற்கு அரசியல் காரணங்களும் உண்டு. கொக்கெயின் உற்பத்தியைக் குறைக்கவென அமெரிக்கா 1991இல் அண்டிய நாடுகளுக்கான வர்த்தகச் சலுகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெருவின் அஸ்பரகஸ் தீர்வையின்றி அமெரிக்காவுக்குள் நுழைந்தது. 2000ஆம் ஆண்டில் ஃபுஜிமோரி அரசு 27360ஆம் இலக்க விவசாய ஊக்குவிப்புச் சட்டத்தை இயற்றியது. கம்பனிகளின் வருமான வரி பாதியாகக் குறைந்தது. தொழிலாளரைக் குறுங்கால ஒப்பந்தத்தில் வைத்திருக்கவும் வழி திறந்தது. சில வருடங்களில் உலகின் முதன்மையான பசுமை அஸ்பரகஸ் ஏற்றுமதியாளர் வரிசைக்குப் பெரு வந்தது. வேலைவாய்ப்பும் உண்மையாகவே பெருகியது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

ஆனால் அந்த வயல்களில் வேலை செய்தவர்கள் யார்? பெருவிலும் ஒரு உள்நாட்டு யுத்தம் நடந்தது. 1980 முதல் 2000 வரையான காலத்தில் 69,280 பேர் வரை கொல்லப்பட்டோ காணாமலாக்கப்பட்டோ இருக்கலாம் என அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2003இல் மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டோரில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா அல்லது வேறு பூர்வீக மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அயாகுச்சோ, உவான்காவெலிகா மலைகளிலிருந்து உயிர் தப்பி இறங்கியவர்களும் அவர்களது பிள்ளைகளுமே கரையோரப் பண்ணைகளின் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர். யுத்தம் இடம்பெயர்த்த மக்களை ஏற்றுமதிப் பொருளாதாரம் மலிவு உழைப்பாக எடுத்துக்கொண்டது.

2020 நவம்பர் இறுதியில் இந்தத் தொழிலாளர்கள் இக்காவில் பான் அமெரிக்க நெடுஞ்சாலையை மறித்தார்கள். அப்போது சட்டப்படியான நாட்கூலி 39.19 சோல். ஓய்வுகாலக் கொடுப்பனவும் போனஸும்கூட இதற்குள் அடக்கம். அவர்கள் கேட்டது 70 சோல். டிசம்பர் 4ஆம் திகதி நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை இரத்துச் செய்தது. ஏற்றுமதி வளர்ந்த இருபது வருடங்களிலும் அந்த வளர்ச்சி தானாகத் தொழிலாளியின் கைக்கு வரவில்லை. வீதியில் இறங்கிய பின்னரே சட்டம் மாறியது.

அடுத்தது தண்ணீர். ஆற்றுநீர் வருடத்தில் சில மாதங்களே வரும் என்பதால் கம்பனிகள் ஆழ்குழாய்க்கிணறுகளை நம்பின. பள்ளத்தாக்கின் சில இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் வருடத்துக்கு 8 மீற்றர் வரை இறங்கியதாக 2010இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. புதிய கிணறுகளுக்கு அரசு தடை விதித்தபோதும் தோண்டுவது நிற்கவில்லை. கம்பனியின் கிணறு ஆழமாகப் போகப்போகச் சிறு விவசாயியின் கிணறு வற்றியது. கிணற்றை ஆழப்படுத்தக் காசில்லாதவர்கள் நிலத்தை விற்றார்கள். சில இடங்களில் கிணற்றுக்காகவே நிலம் வாங்கப்பட்டு, தண்ணீர் குழாய்வழியே வேறு பண்ணைக்குக் கொண்டுபோகப்பட்டது.

நிலத்தடி நீர் குறைந்ததும் பார்வை மலைக்குத் திரும்பியது. உவான்காவெலிகாவின் சொக்லோகொச்சா ஏரியிலிருந்து இக்காவுக்கு 1950களின் இறுதியிலிருந்தே தண்ணீர் திருப்பப்படுகிறது. அதை மேலும் விரிவாக்கும் திட்டத்தை, அல்பாக்கா மேய்க்கும் கருவாஞ்சோ சமூகத்தினர் எதிர்த்து, 2007இல் லத்தீன் அமெரிக்க நீர்த் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுசென்றார்கள். யுத்தத்தால் அதிகம் இழந்த மாவட்டமொன்று, கரையோரப் பண்ணைகளுக்காகத் தண்ணீரையும் இழக்க வேண்டுமா என்பதே இதிலுள்ள கேள்வி. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததையும், பின்னர் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலை வந்ததையும் அறிந்தவர்களுக்கு இந்த முரண்பாடு புதிதல்ல. இரணைமடுத் தண்ணீர் கேட்கப்பட்டது குடிப்பதற்கு. அங்கே கேட்கப்பட்டது ஏற்றுமதிக்கு. இந்த வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும்.

யாழ்ப்பாணம் இக்கா அல்ல. நமக்கு மாரி மழை உண்டு. ஆனால் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரே நமது சேமிப்பு. கோட்பாட்டின்படி, நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் அடியிலுள்ள உவர்நீர் எல்லை சுமார் 40 மீற்றர் மேலெழும். இக்காவில் அதிகம் இறைத்தால் கிணறு வற்றும். நமது ஊரில் அதற்கு முன்பே கிணறு உவராகும். பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று ஏற்கெனவே பல கிணறுகளில் உள்ளது. சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் கழிவெண்ணெய் வந்த அனுபவமும் நமக்கு உண்டு.

காணி விடயத்தில் நமது மக்கள் விழிப்பாக இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் வடக்கில் 5,940 ஏக்கர் தொடர்பாக வெளியான வர்த்தமானிக்கு எழுந்த எதிர்ப்பு அதற்குச் சான்று. வலிகாமம் வடக்கின் செம்மண்ணுக்காக மக்கள் முப்பது வருடங்களுக்கு மேலாகப் போராடுகிறார்கள். ஆனால் அந்தச் செம்மண்ணுக்குக் கீழிருக்கும் நீரை யார், எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வி அரசியல் மேடைகளில் அரிதாகவே எழுகிறது. இக்காவின் சிறு விவசாயியிடம் உறுதி இருந்தது. யாரும் படை கொண்டு அவரை வெளியேற்றவில்லை. கிணறு வற்றியதால் அவரே வெளியேறினார்.

எனவே எந்தப் பயிருக்கும், எந்த முதலீட்டாளருக்கும், அவர் நம்மவராகவே இருந்தாலும், அனுமதிக்கு முன் சில கேள்விகளை எமது பிரதேச சபைகளும் கமக்காரர் அமைப்புகளும் கேட்க வேண்டும். ஒரு நாளுக்கு எவ்வளவு நீர் இறைக்கப்படும்? அதை அளப்பவர் யார், அந்த அளவு ஊருக்குப் பகிரங்கப்படுத்தப்படுமா? அயற்கிணறு உவரானால் நட்டஈடு யாருடையது? சந்தை விழுந்தால் நட்டம் விவசாயிக்கு மட்டுமா? வேலை செய்யப்போகும் பெண்களுக்கு, குறிப்பாக யுத்தத்தால் குடும்பத்தைத் தனியே தாங்குவோருக்கு, நாட்கூலியும் ஊழியர் சேமலாப நிதியும் எழுத்தில் உறுதி செய்யப்படுமா?

இக்காவில் இன்று அஸ்பரகஸின் இடத்தைத் திராட்சையும் புளூபெரியும் பிடித்துவருகின்றன. முதலீட்டாளர்கள் பயிரை மாற்றிக்கொண்டார்கள். அதே நிலத்தடி நீரிலிருந்துதான் புதிய பயிர்களுக்கும் இறைக்கப்படுகிறது. மேலே சொன்ன கேள்விகளுக்கான பதில்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படும்வரை எமது சபைகள் கையொப்பமிடக் கூடாது என்பதே எனது நிலைப்பாடு.