ஐந்தில் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகுமா?

ஜெர்மனியில் குளிர்காலம் வந்துவிட்டால், வெளியிலிருந்து நடுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் நேரே ரேடியேட்டரிடம் போய்த் திருகை 5-க்குத் திருப்புவார். கொஞ்ச நேரத்தில் புழுங்குகிறது என்று 1-க்கு இறக்குவார். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுகிற பழக்கம் இது. ஆனால் அந்தத் திருகோடு இணைந்த வால்வு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். டென்மார்க்கின் மாட்ஸ் கிளவுசென் 1943-இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழிவந்தது அது. திருகின் தலைக்குள் மெழுகோ திரவமோ வாயுவோ அடைத்த சிறு குப்பி இருக்கிறது. அறை சூடானால் அது விரிந்து, ஓர் ஊசியை அழுத்தி, வெந்நீரின் வழியைக் குறுக்கும். குளிர்ந்தால் சுருங்கி வழிவிடும். பெரும்பாலானவற்றுக்கு மின்சாரமே வேண்டாம்.

பொதுவாக 3 என்பது 20 டிகிரியை ஒட்டியது, 5 என்பது 28-ஐ ஒட்டியது. அறை 14 டிகிரியில் இருக்கும்போது 3-இல் வைத்தாலும் 5-இல் வைத்தாலும் வால்வு முழுதாகத்தான் திறந்திருக்கும். சூடேறும் வேகமும் ஒன்றுதான். 20-ஐ நெருங்கும்போதுதான் வேறுபாடு தெரியும்: 3 அடக்கிக்கொள்ளும், 5 எரிபொருளைத் தின்றுகொண்டே இருக்கும். '3-இல் வைத்தால் ரேடியேட்டர் ஆறிக் கிடக்கிறதே' என்பார்கள். அறை கதகதப்பாக இருந்தால் அது பழுதில்லை. கேட்ட சூடு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

'அப்படியானால் வெளியே போகும்போதும் தொடக்கூடாதா?' நியாயமான கேள்வி. குறைக்கலாம். மறுபடி சூடேற்றத்தான் அதிகம் செலவாகும் என்ற பேச்சு தவறு. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறையக் குறைய வீடு இழக்கும் வெப்பமும் குறையும். நாள் முழுக்க அடியோடு மூடிவிட்டால்தான் வில்லங்கம்: சில்லிட்ட சுவரில் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். 2 போதும். சன்னலைத் திறக்கும்போது மட்டும் மூடியே ஆகவேண்டும். குளிர்காற்று பட்டதும் அறையே குளிர்ந்துவிட்டதாக எண்ணி வால்வு முழுதாகத் திறந்துகொள்ளும். வெந்நீரின் சூடு தெருவுக்குப் போகும்.

இதே ஏமாற்றம் மறுபக்கமும் நடக்கும். திரைச்சீலையோ சோபாவோ மறைத்தால், தன்னைச் சுற்றித் தேங்கிய வெப்பத்தை நம்பி, அறை சூடாகுமுன்னே வால்வு அடைத்துக்கொள்ளும். எண்களைத் துல்லியமான டிகிரியாகக் கொள்ள முடியாது என்ற குறை உண்மைதான். ஆனால் அறையின் நடுவே ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, சற்றே கூட்டிக் குறைத்தால், உங்கள் வீட்டு 3 எது என்று தெரிந்துவிடும். 5-க்கு உரிய காலமும் ஒன்று உண்டு: பாய்லர் ஓய்ந்திருக்கும் கோடை. அப்போது முழுதாகத் திறந்து வைத்தால் ஊசி இறுகிக்கொள்ளாது.