எண்ணூரும் உத்தரபாராவும்

லேக் மார்க்கெட் ஆனாலும் சங்கத்து ஆண்டு விழா ஆனாலும், நம்மவர் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "நம்ம ஊர் அசோக் லேலண்டைப் பாருங்கள், நாடெங்கும் ஓடுகிறது. இவர்களால் ஓர் அம்பாசடரைக் காப்பாற்ற முடியவில்லையே!" கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெருமையில் நியாயம் எவ்வளவு என்று சற்று யோசிக்க வேண்டும்.

அசோக் லேலண்டுக்கு முன்னால் அசோக் மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. அந்தப் பெயருக்கு ஆயுள் ஏழே ஆண்டுகள். 1948இல் அதைத் தொடங்கிய ரகுநந்தன் சரண் தமிழர் அல்லர். பஞ்சாபைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர். தம் மகனின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். எண்ணூரில் முதலில் தயாரானது லாரியும் அல்ல. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிச் செய்த ஆஸ்டின் ஏ-40 கார்!

புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாட்டில் கார் வாங்க எத்தனை பேர் இருந்தார்கள்? நெல்லும் சிமெண்டும் ஏற்ற லாரி வேண்டும். ஜனங்கள் போய் வர பஸ் வேண்டும். இதை உணர்ந்த சரண் இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு பேச்சு நடத்தினார். அது முழுப் பலன் தருமுன் விமான விபத்தில் மறைந்தார். அன்றைய சென்னை அரசும் மற்றப் பங்குதாரர்களும் முயற்சியைக் கைவிடவில்லை. லேலண்ட் பங்குதாரராக வந்தது; 1955இல் பெயர் மாறியது. கார் போயிற்று, லாரியும் பஸ்ஸும் நிலைத்தன.

இங்கே என்ன நடந்தது? பிர்லா 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அதே 1948இல் உத்தரபாராவுக்கு வந்தது. இங்கும் பெட்ஃபோர்டு லாரிகள் தயாராயின. இன்று அவற்றை நினைப்பவர் யார்? கம்பெனி நம்பி நின்றது 1957இல் வந்த அம்பாசடரைத்தான். அடிப்படையில் அதே காரை அரை நூற்றாண்டுக்கு மேல் செய்தார்கள். 2014 மே மாதம் ஆலை நின்றது. 2017இல் அம்பாசடர் என்ற பெயரும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ கம்பெனிக்குப் போயிற்று.

ஆக, வித்தியாசம் தமிழன் மூளையிலும் வங்காளி மூளையிலும் இல்லை; எதைக் கைவிடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்ற முடிவில் இருக்கிறது. ஐயம் இருந்தால் சென்னைக்குத் தெற்கே வண்டலூரைப் பாருங்கள். அங்கிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் 1948இல் பிறந்ததே. காரையே நம்பியிருந்த அது 1988இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உத்தரபாரா அதற்குப் பிறகு 26 ஆண்டுகள் உழைத்தது!

"இங்கே எப்போதும் வேலைநிறுத்தம், அதனால்தான்" என்பார் சிலர். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1950களில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டினால், கிழக்கே உருக்கிய எஃகு நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தது. ஆலைக்குப் பக்கத்தில் இருந்த வங்காளத்துக்கு இருந்த லாபம் போயிற்று. தூரத்தில் இருந்த தமிழ்நாட்டுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் வசதி ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில் அது நீக்கப்படும் வரை சுமார் நாற்பது ஆண்டுகள் இந்த நிலைதான். எண்ணூரின் வளர்ச்சியில் இந்தக் கிழக்குப் பகுதியின் இழப்பும் கலந்திருக்கிறது என்பதை நாம் மறக்கலாமா?

நம் பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கே படித்து, வங்காளிக் குழந்தைகளோடு வளர்கிறார்கள். "நாம் கெட்டிக்காரர்கள், இவர்கள் சோம்பேறிகள்" என்ற பாடத்தை வீட்டில் சொல்லிக்கொடுத்தால் அது பொய்ப் பாடம். சோறு போடும் ஊருக்குச் செய்யும் துரோகமும் ஆகும்.

ஹாவ்ரா–பர்தமான் பாதையில் ஹிந்த் மோட்டார் என்று ஒரு ரயில் நிலையமே உண்டு. அந்த ஆலையில் பணிபுரிந்த நம்மவர் யாரேனும் இருந்தால், தம் அனுபவத்தை இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். வாய்ப்பேச்சைவிட அது பிள்ளைகளுக்குப் பயன்படும்.